தொட்டில் வண்டி விற்பனைக்கு

விருத்தாசலத்தில் ஒரு வண்டியை விலைக்கு நிறுத்திப் பாருங்கள். வாங்க வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கருத்துச் சொல்ல வருகிறவர்களுக்குத்தான் பெஞ்சு போதாது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஐப்பசியில், பீங்கான் தொழிற்பேட்டை வாசலுக்கு எதிரே, டீக்கடை ஓரத்தில் பூவாயியின் மாருதி கார் நின்றபோது அப்படித்தான் ஆயிற்று. முன் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒரு அட்டை. அதன் கீழே அவளுடைய அண்ணன் தேவநாதனின் செல்போன் எண். அட்டையை ஒட்டியவனும் அவன்தான்.

"முன்னால பாத்தா காரு, பின்னால பாத்தா கோழிக்கூண்டு. இன்னா நெனச்சிக்கிட்டுக் கட்டுனாங்களோ தெரியல" என்று தொடங்கி வைத்தார் ஒருவர்.

"பாரம் ஏத்துற வண்டின்னா பின் சக்கரம் தள்ளணும். இது முன் சக்கரம் இழுக்குற வண்டி. இது முதுவுல போயி யாராச்சும் கூண்டு கட்டுவாங்களா? ஒரு ஆம்னி வாங்கியிருந்தா வேல முடிஞ்சிது." இது பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்த தங்கதுரை. பின் சக்கரம் தள்ளாத எதையும் அவர் வண்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"மூக்குல இன்னாத்துக்குத் தகரப் பொட்டி?"

"திருஷ்டிக்கா இருக்கும்."

"இதைப் பாத்து யாரு கண்ணு வெக்கப் போறா?"

சிரிப்பு அடங்கியதும், மூலையில் இருந்த ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புள்ள குட்டி இல்லாதவ, வண்டிக்குள்ள தொட்டில கட்டிக்கிட்டு ஊரைச் சுத்துறா."

தாழ்த்திச் சொல்கிற பேச்சுதான் எப்போதும் நன்றாகக் காதில் விழும். பூவாயி வண்டிக்குள்ளேயே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. தைக்கவில்லை என்று சொல்ல அவளுக்குப் பொய் வராது. ஆனால் தைத்ததை ஊருக்குக் காட்டுகிற வழக்கமும் அவளுக்கு இல்லை. தலையை வெளியே நீட்டினாள்.

"ஆமாங்க, உள்ள யானைங்க தூங்குது. சத்தம் போடாம டீயைக் குடிச்சிட்டு எழுந்திரிங்க."

அவள் சொன்னது உண்மைதான். வண்டியின் பின்பக்கம் முழுக்க யானைகள். கைக்கு அடக்கமான, தும்பிக்கையைத் தலைக்கு மேல் தூக்கிய, இன்னும் சூளை ஏறாத மண் யானைகள்.

பூவாயிக்கு ஊர் கம்மாபுரம் போகிற சாலையில் ஒரு கிராமம். நடக்கப் பழகிய வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. முழங்காலில் கையை ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். 'பாவம்' என்ற சொல்லைத் தன் பெயரைவிட அதிகம் கேட்டு வளர்ந்தவள். அதனாலேயே அந்தச் சொல்லைச் சொன்னவர்களிடம் ஒரு சொம்புத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அச்சு ஊற்றும் வேலைக்குப் போய்த் தொழில் பழகினாள். பிறகு அண்ணன் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டுக்கொண்டு சொந்தமாகவே யானை செய்ய ஆரம்பித்தாள்.

மண்குழம்பை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, நிழலில் காயவைத்தால் பச்சைப் பொம்மை. அதைச் சுட்டால்தான் பீங்கான். சூளை தொழிற்பேட்டையில் இருக்கிறது. இடையில் இருக்கும் சாலையோ சுரங்கத்து லாரிகள் உழுதுபோட்ட சாலை. டெம்போவில் ஏற்றினாலும், மினி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாலும், போய்ச் சேரும்போது பாதி யானைகளுக்குத் தும்பிக்கை இருக்காது. "பன்னின்னு சொல்லி வித்துடுங்க" என்று ஒரு டெம்போக்காரர் யோசனை சொன்னார். அவருடைய டெம்போவில் அவள் மறுபடி ஏறவில்லை.

அதைவிடப் பெரிய கஷ்டம், போகிற நாளையே அவள் தீர்மானிக்க முடியாதது. தேவநாதன் கெட்டவன் இல்லை. தங்கை மேல் பாசம் உள்ளவன்தான். ஆனால் அவனுக்கு வயல் உண்டு, பஞ்சாயத்து உண்டு, நாலு இடத்துக் கல்யாணம் காட்சி உண்டு. "நாளைக்குப் போவலாம் பாப்பா" என்பான். காய்ந்த பொம்மைகளைத் தட்டுகளில் அடுக்கி வைத்துக்கொண்டு பூவாயி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்த நாளைக்கு, நாளைக்கு என்பதிலேயே அவளுடைய நல்ல வயது போய்விட்டது.

ஒருநாள் அவள் போய் ஒரு பழைய மாருதியை வாங்கி வந்தாள். பின்பக்கம் துருவேறி உளுத்துப் போனதால் தலைமுழுகி விற்ற வண்டி. வெல்டிங் பட்டறை சுப்புராயன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, பின்னால ஒண்ணுமே இல்லியே?"

"அதுக்குத்தான் வாங்குனேன். பின்னால ஒண்ணும் இருக்கக் கூடாது."

அவள் கட்சி இதுதான். இந்த வண்டியில் எஞ்சினும் முன்னால், இழுப்பும் முன்னால். பின் சக்கரங்கள் சும்மா கூட உருண்டு வருகிறவை. அவற்றைச் சுழற்ற அடியில் ஒரு தண்டும் ஓடவில்லை. எனவே பின்பக்கத்தை இஷ்டத்துக்கு வெட்டலாம், தாழ்த்தலாம். தரை தாழ்ந்திருந்தால் தட்டுகளைத் தூக்க ஆள் தேட வேண்டாம். அவளே உட்கார்ந்தபடி உள்ளே தள்ளிவிடுவாள். சுப்புராயன் ஒரு வாரம் யோசித்தார். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார்கள். பின் சீட்டு போய்க் கம்பிக் கூண்டு வந்தது. பின் கதவு போய், பழைய இரும்பு பீரோவின் கதவு வந்தது. கூரையிலிருந்து சைக்கிள் டியூபுகளில் நாலு பலகைகள் தொங்கின. வண்டி எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் பலகைகள் மெல்ல ஆடும், அவ்வளவுதான். ஊர் அதற்குத் தொட்டில் வண்டி என்று பெயர் வைத்தது. கிளட்ச்சை மிதிக்க இடது கால் வராது என்பதால், கியர் தடியிலேயே ஒரு நீளக் கைப்பிடி. மிதியையும் கழற்றாமல் விட்டுவைத்தார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதிகாரி வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். அவளை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒரு தப்பும் நடந்தது. முதல் தடவை முழுச் சுமையோடு தொழிற்பேட்டை வாசலுக்கு வந்தபோது வண்டி ஏறவில்லை. அந்த வாசல் ஒரு மேட்டில் இருக்கிறது. லாரிகளிலிருந்து சிந்திய வெள்ளைக் களிமண் அந்தச் சரிவு முழுக்கப் படிந்திருக்கும். ஒரு தூறல் விழுந்தால் நடந்து போகிற ஆளே வழுக்கி விழுவார். பின்னால் பாரம் உட்கார, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டது. இழுக்க வேண்டிய முன் சக்கரங்கள் மண்ணைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றின. அன்றைக்கு டீக்கடையே எழுந்து நின்று சிரித்தது. பூவாயி மறுநாள் கம்பெனிகள் கழித்துக் கொட்டிய கனமான பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பொறுக்கி ஒரு தகரப் பெட்டியில் நிரப்பி, பம்பருக்கு முன்னால் முடுக்கிவிட்டாள். வண்டி மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஒழுங்காக மேடேறியது. அந்தப் பெட்டியைத்தான் டீக்கடை திருஷ்டிப் பெட்டி என்றது.

அன்று முதல் பூவாயி யாரிடமும் நாளைக்கு என்ற வார்த்தையைக் கேட்கவில்லை.

பிறகு ஏன் விற்பனைக்கு? தேவநாதனின் மகளைப் பெண் பார்க்கத் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். வாசலில் வண்டி நின்றது. வந்தவர்களில் ஒரு பெரியவர், "இது இன்னாங்க, சர்க்கஸ் வண்டியா?" என்று கேட்டார். பஜ்ஜியைத் தின்றார்கள், காபியைக் குடித்தார்கள், போனார்கள், பதில் வரவில்லை. அவர்களுக்கு வேறு இடம் வசதியாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் தேவநாதனின் மனைவி துர்காவுக்குப் பழி போட ஒன்று வேண்டியிருந்தது. வண்டி வாசலிலேயே நின்றது.

"ஊரே சிரிக்குது. உன் தங்கச்சிக்குச் சொல்ல உனக்குத் துப்பு இல்ல" என்றாள் புருஷனிடம்.

தேவநாதனுக்குத் தங்கையிடம் நேரே சொல்ல உண்மையிலேயே துப்பில்லை. அவன் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டான். விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மனிதரிடம் தீராத குறையைத் தாளில் எழுதி அந்தச் சாமி முன்னால் கட்டிவிட்டால், மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்து வைக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. தீர்ந்ததும் திரும்பப் போய், தீர்ந்தது என்று சொல்லிப் பிராதை முடித்து வர வேண்டும். கடன்காரன் மேல் கட்டுவார்கள், பங்காளி மேல் கட்டுவார்கள், ஓடிப்போன புருஷன் மேல் கட்டுவார்கள். ஒரு மாருதி காரின் மேல் பிராது கட்டிய முதல் ஆள் தேவநாதனாகத்தான் இருக்கும்.

விஷயம் தெரிந்த அன்று பூவாயி சோறு தின்னவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் சண்டை போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள். சாமியிடம் போய்விட்டானே. கொளஞ்சியப்பர் அவளுக்கும் சாமிதான். வண்டி போனால் மறுபடி வாசல், மறுபடி தட்டு, மறுபடி நாளைக்கு. அதை நினைத்தபோது அழுகை நின்று ஆத்திரம் வந்தது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"வழக்குன்னு சாமி முன்னால போயிட்ட பெறகு நான் ஒளிஞ்சா, தப்பு எம்மேலன்னு ஆயிடும். வித்துடு. ஆனா ஒரு நிபந்தன."

"இன்னா?"

"வாங்க வர்றவங்க, நம்ம வூட்டுலேருந்து சூளை வரைக்கும் என் யானைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டணும். ஒரு தும்பிக்கை ஒடையாம போயி சேந்தா சாவி அவங்களுது. ஒடஞ்சா சாவி எனக்கு. சாமி யாரு பக்கம்னு அங்க தெரியட்டும்."

"பைத்தியமா உனக்கு? காரு வாங்க வர்றவன் யானை ஓட்டுவானா?" என்றாள் துர்கா.

"ஓட்டத் தெரியாதவங்களுக்கு வண்டி என்னாத்துக்கு அண்ணி?"

வந்தவர்கள் வந்தார்கள். நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எஞ்சினை மட்டும் கழற்றிக் கொடுத்தால் போதும், மிச்சத்தைக் காயலான் கடையில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பூவாயி அவரிடம் பேசவே இல்லை; கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். இன்னொருவர் மீசையை முறுக்கிக்கொண்டு ஏறி, முதல் பள்ளத்திலேயே ஒரு பலகை யானைகளைச் சாய்த்துவிட்டு, சாலை சரியில்லை என்று இறங்கிப் போனார். உடைந்த யானைகளைப் பூவாயி மண்தொட்டியில் போட்டு மறுபடி கரைத்தாள். டீக்கடையில் இப்போது புதுக் கருத்துகள் கிளம்பின. விலை படியவில்லை என்றார்கள், வண்டியில் ஏதோ இருக்கிறது என்றார்கள், பூவாயிக்குத் திமிர் என்றார்கள். கடைசியாகச் சொன்னதை அவள் மறுக்கவில்லை.

மூன்று மாதம் முடியும் தறுவாயில் முகம்மது ரியாஸ் வந்தான். துபாயில் ஓட்டுநர் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். வண்டியைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. குனிந்து அடியில் பார்த்தான், தொங்கும் பலகையை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தான், கியர் தடியின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, இதை யாரு செஞ்சது?"

"நானும் சுப்புராயனும்."

"நல்லாருக்குது. எனக்கு வூட்டுக்கு ஒரு காரு வேணும், அவ்ளோதான். இந்தக் கூண்டை எடுத்துட்டு சீட்டு போட்டுக்குவேன். பரவால்லயா?"

"சாவி உங்க கைக்கு வந்த பெறகு என்னைக் கேக்காதீங்க தம்பி. அதுக்கு முன்னால யானை."

மறுநாள் காலை வருவதாகப் பேச்சு. விடிந்தும் விடியாமல் தேவநாதன் ஒரு காரியம் செய்தான். இவனாவது வாங்கிப் போகட்டும், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மூக்கில் இருந்த தகரப் பெட்டியைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டான். பம்பருக்குக் கறுப்பு பெயிண்டும் அடித்தான். வண்டி சுவரைப் பார்த்து நின்றது. பின்பக்கம் தட்டுகளை அடுக்குவதில் இருந்த பூவாயி மூக்கைப் பார்க்கவில்லை. பெட்டி எதற்கு என்று தேவநாதன் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரோடு சேர்ந்து அவனும் அது திருஷ்டிக்கு என்றுதான் நினைத்திருந்தான்.

ரியாஸ் ஓட்டினான். பூவாயி பக்கத்து சீட்டில். தேவநாதன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், சாவியைக் கைமாற்றத் தயாராகத் தன் மொபெட்டில் பின்னால். ரியாஸைப் போல ஒருவர் ஓட்டி அவள் பார்த்ததில்லை. பள்ளத்தை ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக் கடந்தான். பலகைகள் ஆடவே இல்லை. சாலை குறையக் குறையப் பூவாயிக்கு இவன் ஜெயிக்கிற ஆள் என்று தெரிந்துவிட்டது. போகட்டும், சொன்ன வாக்கு சொன்ன வாக்குதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள்.

தொழிற்பேட்டை வாசலுக்கு வந்தபோது இலேசாகத் தூறியிருந்தது. சரிவு முழுக்க வெள்ளைச் சேறு. ரியாஸ் நிதானமாகத்தான் ஏற்றினான். பாதி மேட்டில் எஞ்சின் அலறியது. சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. வண்டி ஏறாமல், மெல்லப் பின்னால் வழுகத் தொடங்கியது. அவன் கைபிரேக்கைப் பிடித்து இழுத்தான்.

"முன் சக்கரம் பிடிக்க மாட்டேங்குதுக்கா. மூக்கு லேசா இருக்குது."

பூவாயி இறங்கி, வண்டியைப் பிடித்தபடியே முன்னால் வந்தாள். பெட்டி இருந்த இடத்தில் பளபளவென்று கறுப்பு பெயிண்டு. திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, பொட்டி எங்க?"

"அசிங்கமா இருந்துதேன்னு..." என்று இழுத்தான் அவன். "வூட்டுல வெச்சிருக்கேன்."

பின்னால் ஒரு மண் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. கைபிரேக் எவ்வளவு நேரம் தாங்கும்? வண்டி இன்னும் ஒரு சாண் வழுகியது. உள்ளே பலகைகள் ஆடின. டீக்கடை மொத்தமும் எழுந்து நின்றது.

"சரி. அந்தப் பொட்டிக்குப் பதிலு நீ ஏறி உக்காரு" என்றாள் பூவாயி.

"எங்க?"

"பானட்டு மேல."

"ஊரு பாக்குது பாப்பா!"

"பாக்கட்டும். என்னை இத்தினி வருசமா பாக்கல? ஒரு நாளைக்கு உன்னப் பாக்கட்டும். ஏறு!"

அவன் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தான். அப்போது சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரிக்காரர் தங்கதுரையே கத்தினார்: "ஏறி உக்காருய்யா தேவநாதா! மூக்குல பாரம் இல்லன்னா அது ஜென்மத்துக்கும் ஏறாது!"

தேவநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். வைப்பர் தண்டைப் பிடித்துக்கொண்டு, சேறு படிந்த பானட்டின் மேல் ஓரமாக உட்கார்ந்தான். ரியாஸ் ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

"மனுசன முன்னால உக்கார வெச்சிக்கிட்டு நான் ஓட்ட மாட்டேன்க்கா. உங்க அண்ணன், உங்க வண்டி. நீங்களே ஓட்டுங்க."

பூவாயி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். கைப்பிடியை அழுத்தி, கியர் போட்டு, மெல்ல விட்டாள். முன் சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றின, பிடித்தன. வண்டி ஏறியது. மேட்டில் மட்டும் அல்ல; இறங்கச் சொல்ல அவளும் மறந்துவிட்டாள், இறங்கக் கேட்க அவனுக்கும் தோன்றவில்லை, சூளைக் கொட்டகை வரைக்கும் தேவநாதன் பானட்டின் மேலேயே போனான். பின்னால் டீக்கடைக் கூட்டம் முழுவதும் நடந்து வந்தது.

பீரோ கதவைத் திறந்தாள். நாலு பலகையிலும் யானைகள் அப்படியே நின்றன. எல்லாத் தும்பிக்கைகளும் மேலே தூக்கியிருந்தன.

யாரும் கருத்துச் சொல்லவில்லை. ரியாஸ்தான் சிரித்தான். "தும்பிக்கை ஒடையாம யாரு கொண்டாந்து சேத்தாங்களோ சாவி அவங்களுது. அப்படித்தானக்கா பேச்சு? நான் வேற காரு பாத்துக்கறேன்."

தேவநாதன் வேட்டியில் இருந்த வெள்ளைச் சேற்றைத் தட்டிக்கொண்டே இருந்தான். அது தட்டினால் போகிற சேறு இல்லை. பூவாயி அவன் பக்கத்தில் வந்தாள்.

"வண்டிய வித்துக் குடுன்னு சாமிகிட்ட எழுதிக் குடுத்தியே. என் காலைத்தான் கேட்டிருக்க. தெரியுமா உனக்கு?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியல" என்றான். தட்டுவதை நிறுத்திவிட்டு, "இப்பத் தெரியுது" என்றான்.

ஆனால் பிராது தொங்கிக்கொண்டிருக்கிறதே. அதை முடிக்காமல் விட அவனுக்கும் பயம், அவளுக்கும் பயம். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் மணவாளநல்லூர் போனார்கள், அதே வண்டியில், மூக்கில் பெட்டியோடு. பூவாயி மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தாள். தேவநாதன் கோயில் ஆள் முன்னால் போய் நின்றான்.

"இன்னா குறைன்னு எழுதியிருந்தீங்க?"

"ஒரு வண்டிய விக்கணும்னு."

"வித்தாச்சா?"

தேவநாதன் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தான். "வித்தாச்சு."

"யாருக்கு?"

"என் தங்கச்சிக்கு."

கோயில் ஆள் எட்டி வெளியே பார்த்தார். பார்த்தவுடன் அவருக்கும் ஒரு கருத்து வந்துவிட்டது. "இன்னாங்க அது, பின்னால கோழிக்கூண்டு மாதிரி?"

"கூண்டு இல்லீங்க. தொட்டிலு" என்றான் தேவநாதன். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. மரத்தடி வரைக்கும் கேட்டது. பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன் கண்ணாடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த அட்டையைக் கிழிக்க ஆரம்பித்தாள்.